எரிமலை ஏன் வெடிக்கிறது? பள்ளி மாணவர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

1943ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி. மெக்சிகோ நாட்டில் டியோனிசியோ புலிடோ என்ற விவசாயி தன் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தார். பிற்பகலில் நிலத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த மண் மெல்ல உப்பியது. உள்ளிருந்து 'உஸ்' என்று சத்தம். கூடவே கந்தக நெடி, சாம்பல். மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஒரு குன்று நின்றது. ஓராண்டில் அதன் உயரம் 336 மீட்டர். சுற்றியிருந்த இரண்டு ஊர்களை லாவா என்ற உருகிய பாறைக் குழம்பு மூடிவிட்டது. ஒன்றில் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் கரும்பாறைகளுக்கு மேலே இன்றும் தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. 1952இல் எல்லாம் அடங்கியபோது மலையின் உயரம் 424 மீட்டர். அதன் பெயர் பரிகூட்டின்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அங்கே முதலில் மலை இல்லை, துளைதான் இருந்தது. துளை வழியாக வெளியே வந்த கல்லும் சாம்பலும் லாவாவும் சுற்றிலும் குவிந்து குவிந்து மலையானது. மலையாக நிற்கும் எரிமலைகள் எல்லாம் இப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் ஒரு மலைக்குள் எங்கிருந்தோ நெருப்பு வந்து புகுந்துகொள்வதில்லை. துளை தானே கட்டிக்கொள்ளும் மலைதான் எரிமலை.

மலையே கட்டாத எரிமலைகளும் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் 1783இல் லாகி என்ற இடத்தில் தரை சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, எட்டு மாதங்கள் லாவாவைக் கக்கியது. அதைவிடப் பல மடங்கு பெரியது இந்தியாவின் தக்காண பீடபூமியில் நடந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப் பிளவுகளிலிருந்து லாவா மீண்டும் மீண்டும் பெருகி, அடுக்கின் மேல் அடுக்காக உறைந்தது. சில இடங்களில் அந்த அடுக்குகளின் மொத்தத் தடிமன் 2 கிலோமீட்டருக்கு மேல். எல்லோராவின் கோயில்கள் குடையப்பட்டிருப்பது அந்தப் பாறையில்தான்.

பாறை எப்படி உருகுகிறது?

நமது காலுக்குக் கீழே இருப்பது பூமியின் மேலோடு. கண்டங்களின் அடியில் அது சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன். பெருங்கடல்களின் அடியில் 7 கிலோமீட்டர் அளவுதான். அதற்குக் கீழே சுமார் 2900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் பகுதியைக் கவசம் என்கிறோம்.

இந்தக் கவசம் முழுவதும் கொதிக்கும் குழம்பு என்றும், மேலோட்டில் எங்கே ஓட்டை போட்டாலும் அது பீறிட்டு வரும் என்றும் பலர் நினைக்கிறார்கள். பெரியவர்கள்கூட. அது சரியல்ல. கவசம் திடப்பாறை. நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்துக்குள் பயணிக்கவே முடியாது. ஆனால் கவசத்துக்குள் அந்த அலை தடையில்லாமல் போகிறது. அங்கே குழம்புக் கடல் இருந்திருந்தால் அது நின்றுபோயிருக்கும்.

அப்படியென்றால் அங்கே சூடு போதவில்லையா? தாராளமாக இருக்கிறது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் விஞ்ஞானிகள் 12 கிலோமீட்டருக்கு மேல் ஆழமாகத் துளையிட்டார்கள். மேலோட்டில் பாதியைக்கூடத் தாண்டாத அந்த ஆழத்திலேயே வெப்பம் சுமார் 180 டிகிரி செல்சியஸ். கவசத்தின் மேற்பகுதியில் 1300 டிகிரி அளவுக்கு இருக்கும். தரைக்கு மேலே அந்தச் சூட்டில் வைத்தால் பாறை உருகத் தொடங்கிவிடும். ஆழத்தில் உருகாமல் இருப்பதற்குக் காரணம் அழுத்தம். மேலே இருக்கும் பாறைகளின் எடை அழுத்திப் பிடிப்பதால், உருகி விரிவதற்கு இடம் கிடைப்பதில்லை.

ஆகவே பாறையை உருக்க மேலும் சூடேற்ற வேண்டும் என்ற அவசியம் இல்லை. அழுத்தத்தைக் குறைத்தாலே போதும். பூமியின் மேலோடும் அதை ஒட்டிய கவசத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து பல பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கின்றன. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அவை நகர்கின்றன. இரண்டு தட்டுகள் விலகும் இடத்தில், அடியிலிருந்து கவசப் பாறை மேலெழுந்து வருகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, பாறையில் ஒரு பகுதி உருகிவிடுகிறது. அட்லான்டிக் பெருங்கடலின் நடுவில் வடக்கு தெற்காக இப்படி ஒரு பிளவு ஓடுகிறது. பூமியில் வெளிவரும் லாவாவில் பெரும்பகுதி இதுபோன்ற கடலடிப் பிளவுகளில் யார் கண்ணிலும் படாமல் கொட்டுகிறது. அந்தப் பிளவு தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் இடம் ஐஸ்லாந்து.

பாறையை உருக்க இன்னொரு வழியும் உண்டு: தண்ணீர். கேட்க விசித்திரமாக இருக்கலாம். கடலடித் தட்டு ஒன்று மற்றொரு தட்டின் கீழே சரிந்து உள்ளே போகும்போது, தன் கனிமங்களுக்குள் பிணைந்திருக்கும் நீரையும் கொண்டுபோகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள கவசப் பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். பசிபிக் பெருங்கடலைச் சுற்றி இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. ஆண்டீஸ் மலைத்தொடர், அலாஸ்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று எரிமலைகள் வரிசைகட்டி நிற்கும் அந்தப் பட்டைக்குப் பசிபிக் நெருப்பு வளையம் என்று பெயர். உலகில் செயல்படும் எரிமலைகளில் நான்கில் மூன்று பங்கு அங்கேதான் இருக்கிறது. இந்தோனேசியத் தீவுகளையும் அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு எரிமலையையும் உண்டாக்கியதும் இதே செயல்தான். பேரன் தீவின் அடியில் சரிவது இந்தியத் தட்டு.

ஹவாய்த் தீவுகளோ எந்தத் தட்டின் விளிம்பிலும் இல்லை, பசிபிக் தட்டின் நட்டநடுவில் இருக்கின்றன. அங்கே கவசத்தின் ஆழத்திலிருந்து சூடான பாறை ஒரு தூண்போல ஒரே இடத்தில் எழுந்துகொண்டிருக்கிறது. தட்டு அதற்கு மேலே வடமேற்காக நகர்கிறது. ஒரு தீவு உருவாகி நகர்ந்ததும் பின்னாலேயே அடுத்த தீவு உருவாகத் தொடங்குகிறது. வடமேற்கில் உள்ள கவாய் தீவின் வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள்; தென்கிழக்குக் கோடியில் உள்ள பெரிய தீவுக்குப் பத்து லட்சம்கூட ஆகவில்லை. அதற்கும் அப்பால், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அடியில், இன்னொரு எரிமலை வளர்ந்துவருகிறது.

இப்படி உருகிய பாறை பூமிக்குள் இருக்கும்வரை மாக்மா, வெளியே வந்துவிட்டால் லாவா. சுற்றியிருக்கும் திடப்பாறையைவிட மாக்மாவின் அடர்த்தி குறைவு. அதனால் அது மேலே ஏறுகிறது. வழியில் தேங்கும் இடம் மாக்மா அறை.

எல்லாம் வாயு செய்யும் வேலை

எரிமலைகளைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஹவாயில் லாவா ஆறுபோல ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இந்தோனேசியாவில் ஒரு மலை வெடித்து ஒரு தீவே உடைந்துபோகிறது. இரண்டும் எரிமலைதான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மாக்மாவில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. பெரும்பகுதி நீராவி, அடுத்தபடியாக கரியமில வாயு, பிறகு கந்தக டை ஆக்சைடு. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் அவை கரைந்த நிலையிலேயே அடங்கிக் கிடக்கும். மூடிய சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே ஒரு குமிழிகூடத் தெரியாது. திறந்ததும் அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பொங்குகிறது. மாக்மா மேலே ஏறும்போதும் இதுவேதான் நடக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் அதன் பருமன் ஏறத்தாழ 1700 மடங்கு பெருகும். மாக்மாவின் எடையில் சில சதவீதம்தான் நீர். ஆனாலும் அது விரிவதற்கு எவ்வளவு இடம் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

குமிழி எளிதாக நழுவி வெளியேற முடிந்தால் ஆபத்து குறைவு. முடியாவிட்டால்தான் வெடிப்பு. அதை முடிவு செய்வது மாக்மாவின் பிசுபிசுப்பு. சிலிக்கா என்ற பொருள் எவ்வளவு அதிகமோ, குழம்பு அவ்வளவு கெட்டி. ஹவாயில் வரும் பசால்ட் என்ற வகை லாவாவில் சிலிக்கா சுமார் 50 சதவீதம். வெப்பம் 1100 டிகிரிக்கு மேல். தளர்ந்து ஓடும் அந்தக் குழம்பிலிருந்து வாயு சுலபமாகப் பிரிந்துபோகிறது. சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டும் மாக்மாவோ வெப்பம் குறைந்தது, கெட்டியானது. அதில் மாட்டிய குமிழிகள் நகர வழியில்லாமல் உப்பிக்கொண்டே போய், கடைசியில் குழம்பையே துகள்துகளாகக் கிழித்தெறிகின்றன.

அந்தத் துகள்தான் எரிமலைச் சாம்பல். விறகு எரிந்தால் மிஞ்சும் சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது பாறையும் கண்ணாடியும் உடைந்த தூள். கையில் நெருடும், தண்ணீரில் கரையாது. குமிழிகளோடு அப்படியே உறைந்துபோன கட்டி என்றால் அது பியூமிஸ் கல், தண்ணீரில் மிதக்கும். எரிமலைக்கு மேலே நாம் பார்க்கும் கரும்புகையும் புகையல்ல, சாம்பலும் நீராவியும்தான். அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று உரசி மின்னூட்டம் பெறுவதால் சாம்பல் மேகத்துக்குள் மின்னல் வெட்டும். பரிகூட்டினில் லாவா யாரையும் கொல்லவில்லை; மின்னல் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள்.

மலையின் வடிவமும் இந்தப் பிசுபிசுப்பைச் சார்ந்ததே. தளர்ந்த லாவா வெகுதூரம் பரவி உறைவதால், கவிழ்த்து வைத்த கேடயம்போல அகன்று தாழ்ந்த மலை உருவாகிறது. ஹவாயின் மௌனா லோவா அப்படிப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேலே 4169 மீட்டர்தான். கடலடித் தரையிலிருந்து அளந்தால் 9 கிலோமீட்டரைத் தாண்டும். கெட்டி லாவா தூரம் போகாமல் உறைந்து, அதன்மேல் சாம்பல் படிந்து, மறுபடி லாவா என்று அடுக்கடுக்காக எழுவது அடுக்கு எரிமலை. ஜப்பானின் ஃபுஜி, இத்தாலியின் வெசுவியஸ் இந்த வகை. ஓவியங்களில் நாம் பார்க்கும் அழகான கூம்பு பெரும்பாலும் இதுதான். அழகானவைதான் அதிகம் வெடிப்பவை!

எது ஆளைக் கொல்கிறது?

திரைப்படங்களில் மக்கள் லாவாவிடமிருந்து ஓடுவார்கள். பெரும்பாலான லாவாவிடமிருந்து நடந்தே தப்பிவிடலாம். வீடு தப்பாது, அது வேறு விஷயம். ஹவாயின் கிலவேயா 2018இல் ஏறக்குறைய 700 வீடுகளை விழுங்கியது.

உண்மையான எமன் வேறு. சூடான சாம்பலும் கல்லும் வாயுவும் கலந்த மேகம் மலைச்சரிவில் தரையோடு தரையாகப் பாய்ந்து வரும். பைரோகிளாஸ்டிக் ஓட்டம் என்று அதற்குப் பெயர். வெப்பம் பல நூறு டிகிரி, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் 1902 மே 8ஆம் தேதி காலை, பெலே எரிமலையிலிருந்து இறங்கிய அப்படியொரு மேகம் செயின்ட் பியர் நகரத்தைச் சில நிமிடங்களில் அழித்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். நகரத்தில் உயிர் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் தடித்த கற்சுவர் கொண்ட சிறையறையில் பூட்டப்பட்டிருந்த கைதி. பழங்கால ரோமானிய நகரமான பாம்பேயியை கி.பி. 79இல் முடித்துவைத்ததும் இத்தகைய மேகங்களே.

அடுத்தது சேறு. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலையுச்சி பனியால் மூடியது. 1985 நவம்பர் 13 இரவு அதில் ஏற்பட்ட வெடிப்பு அவ்வளவு பெரியதல்ல. ஆனால் உருகிய பனி சாம்பலோடும் மண்ணோடும் கலந்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வெள்ளமாக இறங்கியது. அர்மேரோ என்ற ஊரை அது அடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. மேட்டுக்கு ஏற அந்த நேரம் போதும். ஆபத்தான இடங்களைக் காட்டும் வரைபடமும் அதற்கு முன்பே தயாராகி இருந்தது. ஆனாலும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். எரிமலைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மிகவும் ஆற்றாமையைத் தருவது இந்த நிகழ்ச்சிதான்.

கடலோர எரிமலை என்றால் சுனாமியும் சேர்ந்துகொள்ளும். 1883 ஆகஸ்ட் 27இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்த சத்தம் சுமார் 4800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் உள்ள ரோட்ரிகஸ் தீவில் கேட்டது. இறந்த 36,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது கடல் அலை. அதே இடத்தில் 1927இல் ஒரு புது எரிமலை கடலிலிருந்து எழுந்தது. பெயர் அனக் கிரகடோவா, கிரகடோவாவின் குழந்தை. 2018 டிசம்பரில் அதன் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து மீண்டும் சுனாமி வந்தது.

சாம்பல் ஆகாயத்திலும் தொல்லை தரும். 1982இல் ஜாவாத் தீவுக்கு மேலே இரவில் பறந்த ஒரு பயணிகள் விமானம், கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. எஞ்சினின் சூட்டில் சாம்பல் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டதுதான் காரணம். விமானம் பல நிமிடங்கள் மிதந்தபடியே கீழே இறங்கியது. பிறகு எஞ்சின்கள் மீண்டும் ஓடத் தொடங்க, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. 2010இல் ஐஸ்லாந்தின் எரிமலை ஒன்று வெடித்தபோது ஐரோப்பாவில் நாள்கணக்கில் விமானங்கள் பறக்காமல் நின்றது இந்தப் பயத்தால்தான்.

உலகமே குளிர்ந்த ஆண்டு

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. எரிமலை வெடிப்புகளை 0 முதல் 8 வரை அளப்பார்கள். அதில் தம்போராவுக்கு 7. அதன் கந்தக வாயு வளிமண்டலத்தின் உயர் அடுக்குக்குப் போய் நுண்ணிய அமிலத் துளிகளாகி, உலகத்தைச் சுற்றிப் பரவி, சூரிய ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைக்காலமே வரவில்லை. பயிர்கள் கருகின, பஞ்சம் வந்தது. எங்கோ ஒரு தீவில் நடந்த வெடிப்புதான் காரணம் என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். மாக்மா மேலே ஏறும்போது பாறைகளைப் பிளந்துகொண்டு வரும். அதனால் சிறுசிறு நிலநடுக்கங்கள் வரும். மலை சில சென்டிமீட்டராவது உப்பும். ஜிபிஎஸ் கருவிகளும் செயற்கைக்கோள்களும் அதை அளந்துவிடும். வெளியேறும் கந்தக டை ஆக்சைடின் அளவும் கூடும். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் வடக்குப் பக்கம் 1980இல் ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் வீங்கியது. மே 18 காலை அந்தப் பக்கம் அப்படியே சரிந்து, மலை பக்கவாட்டில் வெடித்தது. உச்சியில் 400 மீட்டர் காணாமல் போயிற்று. 57 பேர் இறந்தார்கள்.

நல்ல உதாரணம் பிலிப்பைன்ஸின் பினாடுபோ. ஏறக்குறைய 500 ஆண்டுகள் அது தூங்கியது. 1991இல் நிலம் அதிரத் தொடங்கியதும் பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் கருவிகளோடு போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஜூன் 15 அன்று அது வெடித்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. அன்றே ஒரு சூறாவளியும் வந்து, மழையில் ஊறிக் கனத்த சாம்பலால் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆனால் மக்கள் வெளியேறாமல் இருந்திருந்தால் இறப்பு பல ஆயிரங்களைத் தாண்டியிருக்கும்.

பாடப்புத்தகங்களில் செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, செயலிழந்த எரிமலை என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். தேர்வுக்கு எழுதலாம். ஆனால் பினாடுபோவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிரிவுகள்மேல் பெரிய நம்பிக்கை வராது. எரிமலையின் வாழ்நாள் லட்சக்கணக்கான ஆண்டுகள்; அதில் 500 ஆண்டு தூக்கம் ஒன்றுமே இல்லை.

இவ்வளவு ஆபத்து இருந்தும் மக்கள் ஏன் பக்கத்திலேயே வாழ்கிறார்கள் என்று கேட்பீர்கள். நாளடைவில் சாம்பல் சிதைந்து வளமான மண்ணாகிறது. ஜாவாவில் எரிமலைகளின் அடிவாரம் எங்கும் வயல்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக வைத்திருப்பது பூமியின் வெப்பம்தான்.

எரிமலை பூமிக்கு மட்டும் சொந்தமும் அல்ல. செவ்வாயில் உள்ள ஒலிம்பஸ் மான்ஸ் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் உயரம். வியாழனின் துணைக்கோளான அயோவில், 1979இல் வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில் எரிமலைகள் சீறிக்கொண்டிருந்தது தெரிந்தது. சூரியக் குடும்பத்தில் எரிமலைச் செயல்பாடு மிக அதிகமாக உள்ள இடம் அதுதான்.

பூமியிலும் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் 40 முதல் 50 எரிமலைகள் ஏதோ ஒரு வகையில் இயங்கிக்கொண்டிருக்கும். எவையெவை என்ற பட்டியலை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வாராவாரம் இணையத்தில் வெளியிடுகிறது. ஆசிரியரிடமோ வீட்டில் பெரியவர்களிடமோ சொல்லி அதைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு எரிமலையைத் தேர்ந்தெடுத்து உலக வரைபடத்தில் அதன் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது தட்டுகள் விலகும் இடத்திலா, ஒன்றின் கீழ் ஒன்று சரியும் இடத்திலா, அல்லது ஹவாய்போல நடுவிலா? அங்கே வரும் லாவா ஓடுகிறதா, வெடிக்கிறதா? முதல் கேள்விக்கான விடை தெரிந்தால், ஹவாயையும் இந்தோனேசியாவையும் நினைத்துப் பார்த்து, இரண்டாவதை அந்த இணையப் பக்கத்தைப் படிப்பதற்கு முன்பே பெரும்பாலும் ஊகித்துவிடுவீர்கள்.